எட்டு ஈயவில்லைகள்

நவம்பரில் ஸ்கெல்டர் மாளிகைக்குப் போனேன்.
மூன்று வாரத் தையல் வேலை,
நாளுக்கு ஒரு ஷில்லிங், இரவில் சூப்பு.
லிங்கன்ஷயர்ச் சதுப்பில் அந்த வீடு
நனைந்த நாய்போல் படுத்திருந்தது.

முதல் நாளே சொல்லிவிட்டார்கள்:
இருட்டியபின் கிழக்குத் தாழ்வாரத்துக்குப் போகாதே.
இறந்துபோன மனைவி நடக்கிறாள்.
காலடி கேட்காது,
துணி தரையில் இழுபடும் ஓசை மட்டும்.
செப்டம்பரிலிருந்துதான், என்றாள்
அடுப்படிக் கெசையா,
உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குப் பேய் தெரியாது.
துணி தெரியும்.
துணி பொய் சொல்வது குறைவு.

எஜமான் ஹார்பட்டில் மேசையில் கொண்டுவந்து போட்டது
ஒரு கறுப்புக் குதிரையேற்ற அங்கி.
போனவளுடையதை வந்தவளுக்குப் பொருத்த வேண்டும்.
"நல்ல கம்பளி. வீணாக்குவானேன்?"
வந்தவள் பெயர் ஆனர். பத்தொன்பது வயது.
முக்காலிமேல் நின்று இரு கைகளையும் தூக்கினாள்,
சரணடைபவளைப்போல.

இடுப்பைப் பிரித்தேன்.
பழைய ஊசித்துளைகள் வரிவரியாக:
இருபத்தாறு அங்குலம், இருபத்து நான்கு,
இருபத்தொன்று.
லவீனியா இங்கே இருந்த ஆறு வருடத்தை
வேறு யாரும் குறித்து வைக்கவில்லை.

கீழ்மடிப்பில் கனம்.
அது வழக்கம்தான். காற்று தூக்கிக்
கணுக்கால் தெரிந்துவிடக் கூடாதென்று
எட்டு இடத்தில் ஈயவில்லை வைத்துத் தைப்போம்.
நானே எத்தனை பெண்களுக்கு வைத்திருக்கிறேன்.
ஐந்தில் ஈயம்.
மீதி மூன்றில், ஃபிளானல் துண்டில் சுற்றி,
ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமல்,
பவுன்கள். பன்னிரண்டு.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
இவளுக்கு மடியே சொந்தமில்லை.
உடுத்திய துணி, கைக்குட்டை, விரல் மோதிரம்,
எல்லாம் சட்டப்படி அவருடையது.
இரண்டு விரல் அகல மடிப்பு மிச்சமிருந்தது.
ஈயத்தை எடுத்து எடுத்து
அதில் பொன் வைத்திருக்கிறாள்.

எட்டும் நிரம்புமுன்
குதிரையோடு வாய்க்காலில் விழுந்தாளாம்.
கிளம்பிவிட்டாளா, வெறும் சவாரியா, யார் கண்டது.
இடுப்பளவுத் தண்ணீர்தான் என்றாள் கெசையா.
ஈயத்தைவிடப் பொன் கனம்.
அதற்குமேல் நான் யோசிக்கவில்லை
என்றால் அது பொய்.

அன்றிரவு ஓசை கேட்டது.
இழுபட்டு, நின்று, இழுபட்டு.
மெழுகுவர்த்தியோடு எழுந்து போனேன்.
ஆனர்தான்.
போர்வையைத் தோளிலிருந்து தரைவரை இழுத்தபடி
ஒவ்வொரு கதவின் கைப்பிடியாகத்
திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் வெளிச்சத்தைப் பார்த்தாள்.
அடுத்த கதவுக்குப் போனாள்.

மறுநாள் அளவு பார்க்கையில்
அவள் சுட்டுவிரலைப் பிடித்து
மடிப்பின்மேல் வைத்தேன்.
இங்கே. இங்கே. இங்கே.
மூன்றாவதில் அவள் மூச்சு மாறியது.
"இந்த மூன்றும் ஓட்டுத் தையல், அம்மா.
நுனியை இழுத்தால் போதும்.
தண்ணீர் ஓரமாக மட்டும் போக வேண்டாம்."
பதினொன்றைத் திருப்பி வைத்தேன்.
ஒன்று என்னிடம். நான் துறவி அல்ல.

மார்ச்சில் வண்டிக்காரன் அங்கியைக் கொண்டுவந்தான்.
ரயில் நிலையத்தில், பெண்கள் காத்திருக்கும் அறையில்,
மடித்துக்கூட வைக்காமல் கிடந்ததாம்.
சேறில்லை. ஈரமில்லை.
மடிப்பு சுற்றிலும் பிரிந்து தொங்கியது.
ஈயத்தைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.
எஜமான் சொல்லியனுப்பியது:
சரிசெய்து வை, தேவைப்படும்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

எட்டு இடத்திலும் புது ஈயம் வைத்தேன்.
வில்லை ஒன்று இரண்டு பென்ஸ் என்று
ரசீதில் எழுதினேன்.
மறுதபாலில் பணம் வந்தது.
மூன்று இடத்தில் ஓட்டுத் தையல்.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.