வாசிக்காத எழுத்து

ஏகாம்பரம் வீதியில் ஸ்டிக்கர் வெட்டுகிறேன்.
அம்மாவின் ஆசி, யேசுவே துணை, கண்ணடிக்கும் பொம்மை,
எது கேட்டாலும் வெட்டுவேன்.
சிங்கமும் புலியும் மட்டும் இல்லை.

மரியநாயகம் ஓட்டோவைக் கானுக்குக் குறுக்கே நிறுத்தி
"என்ர பேரை எகிப்துக்காரற்ற எழுத்தில வெட்டித் தாங்கோ" என்றார்.
பிரமிட்டுக்குள் இருக்கிற மாதிரி. இரண்டு பக்கமும்.

தாளைப் பார்த்துப் பார்த்து அடுக்கினேன்.
ம, ஓர் ஆந்தை.
ர, ஒரு வாய்.
ய, இரண்டு நாணல்.
ந, நெளியும் தண்ணீர்,
வாடைக்காலத்து டச்பே போல.
திரும்பவும் நாணல்.
பிறகு க. அங்கேதான் தடக்கியது.
கடலின் க வேறு, நாயகத்தின் க வேறு;
நாங்கள் ஒரே எழுத்தை வைத்துச் சமாளிக்கிறோம்.
அவர்களுக்கு ஒன்று கூடை, மற்றது பானை வைக்கும் தாங்கி.
தாங்கியை எடுத்தேன்.
முடிவில் இன்னோர் ஆந்தை.
நல்லகாலம், பெயரில் ல இல்லை.
ல என்றால் படுத்திருக்கும் சிங்கம்.

உயிரெழுத்தை எங்கே வைப்பது என்று தேடினேன்.
அவர்கள் உயிரை எழுதுவதில்லையாம்.
மெய்யைத்தான் வைத்திருக்கிறார்கள்,
எழுத்திலும்,
துணி சுற்றியும்.

பிலோமினா வந்து பார்த்தாள்.
"வண்டியில ரெண்டு கூகையோ? ஆர் ஏறுவினம்?"
அவர் சிரித்தார். நான் வெட்டினேன்.

இடப்பக்கத்துக்கு இடமிருந்து வலம்,
வலப்பக்கத்துக்கு வலமிருந்து இடம்.
எங்கள் எழுத்தைத் திருப்பினால் கண்ணாடியில்தான் வாசிக்கலாம்;
இதில் இரண்டும் சரி.
உடம்பெல்லாம் ஹான்டில் பக்கம் பார்க்கும்.
ஆந்தை மட்டும் முகத்தைத் திருப்பி
றோட்டில் நிற்பவனைப் பார்க்கும்.

நிலாவெளிப் போக்கில் பொலிஸ் மறித்ததாம்.
தமிழா? இல்லை, சேர்.
அரபியா? இல்லை, சேர்.
அப்ப என்ன?
என்ர பேர்.
ஆந்தையில் விரல் வைத்து, வாயில் வைத்து,
கடைசிக்கு வந்தார் பொலிஸ்காரர்.
"குந்தியிருக்கிற இவன் ஆர்?"

"அதை வாசிக்கிறதில்லை, சேர். அதுக்குச் சத்தமில்லை.
முன்னால கிடக்கிறது ஒரு மனிசன்ர பேர் எண்டு
சொல்லத்தான் அது."

மறுபக்கம் நடந்துபோய்ப் பார்த்தார்.
அங்கேயும் குந்தியிருந்தான்.
கொஞ்ச நேரம் நின்றார்.
பின் டயர் வழுக்கை என்று
தண்டம் எழுதினார், சிங்களத்தில்,
பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு.

ஆறு மாத உப்புக்காற்று.
போன கிழமை பஸ் ஸ்டாண்டில் கண்டேன்,
பின் சீற்றை ஒரு மான் மோந்துகொண்டு நின்றது.
இடப்பக்கத்தில் வாய் கழன்றுவிட்டது.
இப்போது அங்கே அவர் மயநாயகம்.
காசு வேண்டாம், கொண்டுவாருங்கள்,
புதிதாய் ஒட்டித் தருகிறேன் என்றேன்.

ஓட்டோவைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.
"வாய் போனால் போகட்டும், பிள்ளை.
ஆள் இருக்கிறான்தானே."