பாராட்டுப் பத்திரத்தில் சேராதவை

நகர்மன்றத் தீர்மானப்படி
ஐந்து வரிக்குள் எழுதித் தரச் சொன்னார்கள்.
சட்டம் போட்ட கண்ணாடிக்குள் அவ்வளவுதான் கொள்ளுமாம்.
'எழில்மிகு கடலூரின் சிற்பி' என்று ஆரம்பித்து
அடித்துவிட்டேன்.
சிற்ப வேலை எதுவும் அவர் செய்ததில்லை.
பூங்காவில் நின்ற சிமெண்ட் மான்கள் மூன்றையும்
வாயைத் திறந்தபடி குப்பை கேட்ட பெங்குவினையும்
லாரியில் ஏற்றி அனுப்பியதுதான்
அவருடைய முதல் வேலை.

தானே அடித்து ஓய்ந்த வாரம்.
மஞ்சக்குப்பத்தில் கரண்ட் இல்லை, பால் இல்லை.
விழுந்த மரங்களை எண்ணி
நாங்கள் சேதக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம்.
ரப்பர் செருப்பும் பள்ளிக்கூட நோட்டுமாக ஒருத்தி
நின்ற மரங்களை எண்ணிக்கொண்டு போனாள்.
பூவரசு நாற்பத்தொன்று. புங்கை பதினேழு.
பனைக்கு நேரே வெறும் கோடு,
எண்ணவே தேவையில்லை என்பதுபோல.
கிறுக்கு என்றார் ஓவர்சியர் கலியவரதன்.
நானும் சிரித்தேன்.
அன்றைக்கு 'போனாள்'தான்.
அது 'போனார்' ஆக
மூன்று மழைக்காலம் பிடித்தது எனக்கு.

பெயர் தருமதேவி.
அடுத்த ஐப்பசியில் செம்மண்டலம் முனையில்
குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தண்ணீர் எங்கே போகப் பார்க்கிறது என்று
அதன் பின்னாலேயே நடந்தார்,
கடன் கொடுத்தவர் மாதிரி.
அது தேங்கிய இடத்தில் தார் வேண்டாம் என்றார்.
கோரையும் கல்வாழையும் வைக்கச் சொன்னார்.
'கொசு வரும்' என்று கோப்பில் குறிப்பெழுதியவன் நான்.
'தவளையும் வரும்' என்று அதன் கீழே எழுதிக்
கையெழுத்திட்டு அனுப்பினார்.

பிறகு பாதிரி.
திருப்பாதிரிப்புலியூர் என்று
பஸ் போர்டில், ரேஷன் கார்டில், ரயில் நிலையத்தில்
தினம் ஒரு மரத்தின் பெயரைப் படிக்கிறோமே,
கோயிலுக்குள் தவிரத்
தெருவில் அது எங்கே நிற்கிறது?
கூட்டத்தில் கேட்டார்.
ஆணையர் தண்ணீர் குடித்தார்.
கல்வராயன் மலையடியிலிருந்து
பேருந்தின் கடைசி சீட்டில், ஈரச்சாக்கில் சுற்றி
முதல் தவணையாக வந்தன பதினொரு கன்றுகள்.
கண்டக்டர் போட்ட லக்கேஜ் டிக்கெட்டும்
பில்லோடு இணைக்கப்பட்டிருந்தது.

கடைசி பில்லில்,
குழி, இத்தனை கன மீட்டர்.
எரு, இத்தனை டன்.
அதற்கும் கீழே, பேனாவில்: நிழல்.
அளவுப் புத்தகத்தில் நிழலுக்கு அலகு இல்லை என்று
சிவப்பு மையில் திருப்பி அனுப்பினேன்.
'பத்து வருஷம் கழித்து வந்து பாருங்கள்.'
பதில் அவ்வளவுதான்.
தணிக்கை ஆட்சேபம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

விழா நேற்று முடிந்தது.
ஏசி ஹால், சன்னல்களுக்குத் திரை,
வாசலில் பிளாஸ்டிக் ரோஜா வளைவு.
ஆறு பேர் பேசினார்கள்.
பொன்னாடைக்குள்ளிருந்து அவர்
இரண்டு முறை கடிகாரம் பார்த்தார்.
அஞ்சலாட்சியை யாரும் அழைக்கவில்லை.

இன்று காலை பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே
அவள் பாதிரிப் பூவைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.
'சித்திரை முச்சூடும் இதே ரோதனை சார்.
அந்தம்மா நட்டுட்டுப் போயிடுச்சு,
தெனம் நாலு கூடை அள்ளுறது நானு.
வாசனை வேற, தலைய வலிக்குது.'
அவள் முந்தானை முடிச்சில் ஏழெட்டுப் பூக்கள்.
நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு,
'குடத்துல போட' என்றாள்.

ஒரு மணிக்கு மறுபடி போனேன், டேப்போடு.
அஞ்சலாட்சி, அவள் மருமகள், தூக்குவாளி,
மரத்தில் சாய்த்த துடைப்பம்,
வெயிலுக்கு ஒதுங்கிய ஐஸ் வண்டிக்காரர்.
அளக்கணும், கொஞ்சம் நகரு என்றேன்.
'எங்க நகர, வெயிலுக்கா?'

அலகு என்ற கட்டத்தில்
பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
மூன்று பேர், ஒரு தூக்குவாளி,
ஐஸ் வண்டியின் முன்சக்கரம்.
பின்சக்கரம் அடுத்த வருஷம்.