பாயோடு

மட்டக்களப்பாளைக் கட்டினால்
பாயோடு ஒட்டவைத்துவிடுவாள் என்று
கலியாணப் பந்தலில் அவனுடைய சித்தப்பா சொல்ல
எல்லோரும் சிரித்தோம். நானும்.

எட்டாம் வருசம் ஆனியில்
அவன் ஒட்டிவிட்டான்.

கண் திறந்துதான் கிடக்கும்.
எழும்பு என்றால் இமை எழும்பும்.
ஆவணியில் வட்டையில் வேளாண்மை பழுத்துச் சரிய
வெட்டு மெஷின்காரன் இரண்டு தரம் வந்து
கோர்ன் அடித்துவிட்டுப் போனான்.
மகள் அவன் முதுகை மேசையாக்கி
வாய்பாடு எழுதினாள்.

சாவகச்சேரியிலிருந்து மாமி போன் எடுத்தா.
“என்னத்தைக் கலந்து குடுத்தனீ?”
தேத்தண்ணி என்றேன்.
“வெறுந்தேத்தண்ணியோ?”
பால் போட்டது.
அந்தப் பாலிலும் அவவுக்குச் சந்தேகம்.

கட்டாடியார் வந்தார்.
பொழுதுபட்டு வாவிக்கரையில் நடந்தவனை
ஏதோ தொட்டிருக்குதாம்.
ஒன்பது தேசிக்காய், ஒரு கறுப்பு நூல், ஏழாயிரம் ரூபாய்.
பொய் சொல்லக்கூடாது,
அன்றிரவு ஒரு பிடி சோறு தின்றான்.
ஆறு பேர் சுற்றியிருந்து
பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டால்
யாருக்கும் கொஞ்சம் பசிக்கும்.
மறுகா ஒண்டுமில்லை.

ட்ரக்டர் லீசிங் என்றான் அண்ணன்.
சோம்பல் என்றார் பக்கத்து வளவுக்காரர்.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
என்னைப் பிடிக்காமல் போயிற்று.

ஒரு நாள் பாயை உருவி எடுத்து
வளவின் பின்னால் போட்டு எரித்தேன்.
உள்ளே வந்தால், சீமெந்தில்
அதே இடம்,
அதே பக்கம் சரிந்து.

பாதையில் ஏற்றினோம்,
மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு.
ஒரு மோட்டார் சைக்கிள், தயிர்முட்டிக்காரர் இரண்டு பேர், அவன்.
தண்ணீரை அவன் பார்த்த விதம்
எனக்குப் பிடிக்கவில்லை.
அக்கரை வரும்வரை
சேர்ட்டின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தேன்.

களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில்
பாய்க் கதையை நான்தான் சொன்னேன்.
டொக்டர் ஃபஸ்மினா சிரிக்கவில்லை, எழுதினார்.
பிறகு அவன் பக்கம் திரும்பி
காய்ச்சல் இருக்கா என்று கேட்பதுபோல் கேட்டார்:
“சாக வேணும் எண்டு நினைச்சீங்களா?”
“ஓம்.”
பதினொரு கிழமையில் அவன் சொன்ன
முதல் முழுச் சொல்.
சேர்ட்டைப் பிடித்த என் கை
அப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.

துண்டின் பின்பக்கம் இரண்டு கரை கீறினார்.
இது ஒரு நரம்பு, இது மற்றது, நடுவில் வெளி.
“அங்கால செய்தி கொண்டுபோற பாதை
மெதுவாத்தான் ஓடுது.”
அதனாலயா எல்லாம்?
பேனையை மூடினார்.
“அது மட்டும்தான் எண்டு சொன்னா பொய்.
கடன் கிடக்கு, நித்திரை கிடக்கு,
வாப்பா, அப்பா ஆருக்கும் இருந்திச்சா எண்டது கிடக்கு.
எங்கட கையில உள்ள படம் இவ்வளவுதான்.
குளிசை அனேகமா உதவும்.
மூணு நாலு கிழமை பொறுங்க,
முதல்ல வயிறு பிரட்டும்.”

ஏழாயிரம் வாங்கினவர்
தெரியாது என்று ஒரு தரமும் சொல்லவில்லை.
இங்கே அது இலவசம்.

கவுன்சிலர் பொடியன் கொப்பியில் எழுதிக் கொடுத்தான்:
காலையில் எழும்பி இருத்தல்.
பின்னேரம் கிணற்றடி வரை.
அவ்வளவுதானா தம்பி?
“அக்கா, அது பெரிய தூரம்.”

புதுப் பாய் வாங்கினேன்.
குளிசையை எண்ணி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்து,
அதற்காக வெட்கப்பட்டேன்.
ஐந்தாம் கிழமை வியாழன், கிணற்றடி.
வெள்ளி இல்லை. சனி இல்லை.
திங்கள் வேலி மட்டும் போய் நின்று
உழுகிற சத்தம் கேட்டு
“ஆர்ர மெஷின்?” என்றான்.
எனக்கு மெஷின்காரன் பெயர் வாயில் வரவில்லை.

மாமி எடுத்த போனை இந்த முறை அவனே தூக்கினான்.
“ஓமம்மா, ஒட்டினதுதான்.”
என்னைப் பார்த்தான்.
“இப்ப ஒரு மூலை கழண்டிருக்கு.”
கொஞ்சம் பொறுத்து,
“அப்பாவும் இப்பிடித்தானே கிடந்தவர்?”

லைன் வெட்டுப்படவில்லை.
அந்தப் பக்கம்
மூச்சு விடுவது கேட்டது.