விட்டாச்சு

காலை ஆறு ஐம்பது.
கண்மாயிலிருந்து எழுந்த மார்கழிப் பனி
வேலி தாண்டி வந்து
ஓடுபாதையின் கிழக்குப் பாதியைத் தின்றிருந்தது.
கோபுரக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
துடைக்க வேண்டியது வெளிப்பக்கம்.
பெருங்குடிக் கோயில் ஒலிபெருக்கி மட்டும்
ஒரு சொல் விடாமல் கேட்டது,
யாரும் கேட்காமலே.

சென்னை விமானம் பத்து மைலில்.
பாதையில் மயில்கள், ஏழோ எட்டோ.
சுருளிவேல் ஜீப்பில் போயிருந்தான்
மடியில் வெடிப் பையோடு.

ஏழு மைல்.
ஆறு.
"சுருளிவேல், என்னாச்சு?"
கரகரப்பு. அப்புறம் அவன் குரல்:
"...டி விட்டாச்சு."

நான் காத்திருந்த சொல் அதுதான்.
காத்திருந்த சொல் வந்து நின்றால்
யார் அதன் முகத்தைப் பார்க்கிறார்கள்?
பாதையை விட்டாச்சு என்று
என் பேனா தானாக எழுதிக்கொண்டது.
இறங்கலாம் என்றேன்.
விமானி ஒரு பெண். நான் சொன்னதை
எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.
சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது.

இருநூறு அடியில், பனிக்குள்,
ஒரு மஞ்சள் விளக்கு சுற்றுவதை
அவள்தான் பார்த்தாள்.
நான் இல்லை.
"கோ அரவுண்ட்" என்றாள்,
கடையில் அரை லிட்டர் பால் கேட்கிற குரலில்.
கண்ணாடி அதிர்ந்தது.
என் டீயில் ஏடு நடுங்கியது.
ஒரு பை வெடிக்கு அசையாத மயில்கள்
மொத்தமாக எழுந்து
பரம்புப்பட்டிப் பக்கம் போயின.
ஜீப்புக்கு அடியில் சுருளிவேல்,
காதைப் பொத்திய கையில் தீப்பெட்டி.

டெல்லியிலிருந்து அதிகாரி வந்தார்.
ஒலிப்பதிவைப் பதினோரு தடவை ஓட்டினார்கள்.
பொத்தான் அமுங்குவதற்கு முன்பே பேசிவிட்டான்.
கருவி ஓர் எழுத்தைத் தின்றிருக்கிறது.
மிச்சம் கிடந்த 'டி' எனக்கு இரைச்சலாகப் பட்டது.
"வெடி விட்டாச்சுன்னுதானே சொன்னேன்" என்றான் அவன்,
என்னைப் பார்க்காமல், மேசை விளிம்பைப் பார்த்து.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றார் அதிகாரி.
இரண்டு, என்று எழுதக் குனிந்தார்.
இரண்டா?
எங்கள் தெருவில் விடிந்தால் முதல் கேள்வி
தண்ணி விட்டாச்சா என்பது.
அங்கே அதற்கு, வந்தது என்று பொருள்.
மழை விட்டாச்சு என்றால் நின்றது.
பள்ளிக்கூடம் விட்டாச்சு என்றால் பிள்ளைகள் வெளியே.
அவனியாபுரத்தில் மாட்டை விட்டாச்சு என்றால்
நாம் உள்ளே இருப்பது நல்லது.
எட்டாம் நம்பர் பஸ்ஸை விட்டாச்சு என்றால்
தவறிப்போயிற்று.
ஐயா, அன்றைக்கு
நாங்கள் மூன்று பேரும் விட்டோம்,
ஆளுக்கொரு அர்த்தத்தில்.
இதை நான் சொல்லவில்லை.
"இரண்டு சார்" என்று கையெழுத்துப் போட்டேன்.

எழுபத்திரண்டு பேர் என்று பட்டியலில் இருந்தது.
அன்று முழுக்க எதற்காகவோ
எழுபத்திரண்டு வரை எண்ணிக்கொண்டிருந்தேன்,
வெங்காயம் நறுக்கும்போதும்.
ராத்திரி அவர் தொலைபேசியில்,
"காஸுக்குச் சொல்லிவிட்டாச்சு" என்றார்.
"எதை?" என்றேன்.
"எதையா?"
"எதைன்னு முழுசாச் சொல்லுங்க."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும்.

இப்போது சுற்றறிக்கை வந்திருக்கிறது.
ஆங்கிலத்தில் மட்டும், முழு வாக்கியமாக,
பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்டு.
சுருளிவேலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.
அவன் ஜீப்பில் இல்லாத அந்தப் பதினைந்து நாளில்
மயில்கள் குஞ்சுகளையும் கூட்டிவந்திருந்தன.

இன்று காலையும் பனி.
முதலில் அந்த ஒரு மூச்சு கேட்டது.
அப்புறம், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல்,
"ரன்வே வெக்கேட்டட், டவர்."
நல்லது என்றேன்.
பொத்தானை அவன் விடவில்லை.
வெளியே எங்கோ ஒரு மயில் அகவியது அதற்குள் கேட்டது.
"வெடியில்லக்கா," என்றான், தாழ்ந்த குரலில்,
"ஜீப்பு."

பதிவேட்டில்
முதல் வாக்கியத்தை மட்டும் எழுதினேன்.
விமானத்துக்குச் சொன்னது
இரண்டாவதை நம்பி.