பல் பிடித்துப் பார்த்தல்

தானமாக வந்த மாட்டைத்தான்
பல் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இவற்றுக்கு நான் அறுபது ஸ்லாட்டி கொடுத்திருக்கிறேன்.
அதனால் பிட்கோஷ்ச் நகரத்துப் பழைய சாமான் சந்தையில்
உறைபனி உருகாத மேசைமேல் குனிந்து
வலைத்துணியைக் கழற்றிப் பார்த்தேன்.
பார்ப்பது என் பிழைப்பும்கூட.
வாரத்தில் ஐந்து நாள்
ஊரார் வாய்க்குப் பல் செய்கிறேன்.

‘நல்லாப் பாடும்’ என்றார் ஸெனோபியுஷ், விற்றவர்.
ஒரு பெட்டியின் தலையில் பூந்தொட்டி வைத்த வட்டம்.
மற்றதன் மூலைகளை ஏதோவொரு பூனை
வருஷக்கணக்கில் பிறாண்டியிருந்தது.
நடுக்குமிழ் இரண்டும் உள்ளே அமுங்கிக் கிடந்தன:
எந்த நாட்டுக் குழந்தைக்கும்
விரல் முதலில் போகும் இடம் அது.

டிராமில் மடியில் ஒன்று, காலருகே ஒன்று.
எதிரே இருந்த பெண் எழுந்து இடம் கொடுத்தாள்,
ஸ்பீக்கருக்கு.

வீட்டில் தொட்டுப் பார்த்தேன்.
கூம்பைச் சுற்றிய ஃபோம்
தேநீரில் விழுந்த ரொட்டியாக விரலோடு வந்தது.
ஈறு போனால் பல் நிற்காது,
இது மட்டும் எனக்குத் தெரிந்த சங்கதி.
மெழுகுக் கத்தியால் சுரண்டினேன், மூன்று இரவு.
தபாலில் வந்த புது வளையங்களை ஒட்டினேன்.
பால்போல் இருந்த பசை தெளியும்வரை
கூம்பை மெல்ல அழுத்தி, காது வைத்து,
உரசுகிறதா?
இல்லை.
திரும்பவும் அழுத்தி,
இல்லை.
குமிழ்களை ஒட்டுநாடாவால் இழுத்தேன்.
ஒன்று டப்பென்று வந்தது.
மற்றது பாதி வந்து, போதும் என்றது.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தலை கனத்தது.
டோப்ரோமிரிடம் தேய்ப்பு மெஷினை இரவல் வாங்கினேன்.
ஒன்பது வினாடி.
நகத்தைவிட மெல்லிய வெனீர் அது;
எனாமல் எவ்வளவு மெல்லியது என்று
பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுகிறவள் நான்.
பழுப்பு ரேகைகள் திடீரென்று நின்றுபோய்
உள்ளங்கை அகலத்துக்கு
அமுக்கிய மரத்தூள் வெளிறிப் பார்த்தது.
மெஷினை அணைத்தேன். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடத்துக்கு எதையெல்லாம் கொடுத்தேன்!
கறுப்புத் தேநீர் குடித்தது.
காலணி பாலிஷ் குடித்தது.
பல்லுக்கு நிறம் தீட்டும் என் தூரிகையையும் ருசி பார்த்துவிட்டு
பச்சைத் தண்ணீர்கூடப் படாத முகத்தோடு நின்றது.

மிச்சத்தைக் கையால்தான் தேய்த்தேன்,
ரேகை போகும் வழியிலேயே,
உப்புத்தாளைச் சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு.
பிறகு எண்ணெய்.
ஒரு பெட்டி சிவந்தது. மற்றது கறுத்தது.
ஸெனோபியுஷ், இவை ஜோடியே இல்லை!
வேறு வேறு வீட்டில் வளர்ந்தவை,
உங்கள் மேசையில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டவை.

ஒயரைச் சொருகினேன்.
வானொலியில் ஒருத்தி
ஆறுகளின் நீர்மட்டம் வாசித்துக்கொண்டிருந்தாள்.
குரல் இருந்தது, ஆள் இல்லை.
பிடரிக்குப் பின்னாலிருந்து, குளியலறையிலிருந்து,
எங்கிருந்தோ விஸ்துலா இரண்டு சென்டிமீட்டர் ஏறியது.

அலாரக் கடிகாரத்தின் பாட்டரியைப் பிடுங்கி
முனைகளில் தொட்டேன்.
சிவந்தது முன்னால் துள்ளியது.
கறுத்தது பின்வாங்கியது.
ஒன்று மூச்சு விடும்போது மற்றது இழுத்தால்
பேச்சு எப்படி நேராக வரும்?
சாலிடர் வைத்ததும் நான்தான்.
இரண்டு ஒயரை மாற்றிப் போட்டேன்.

அவள் வந்து நடுவில் நின்றாள்,
துணி காயும் ஹீட்டருக்குச் சற்று மேலே,
தாள் புரட்டும் சத்தத்தோடு.
பிர்தா ஆற்றில், என்றாள்,
மாற்றமில்லை.

மெஷினைத் திரும்ப வாங்க வந்த டோப்ரோமிர்
கறுத்த பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.
வெளிறிய இடத்தைக் கண்டான். கேட்கவில்லை.
காப்பிக் கோப்பையை வைக்க இடம் தேடி
சிவந்த பெட்டியின் தலையிலிருந்த
பூந்தொட்டி வட்டத்தில் சரியாக வைத்தான்.

‘நல்லாப் பாடுதா?’

இன்னும் பாடவிடவில்லை, என்றேன்.
இப்போதைக்கு ஆறுகளைச் சொல்கிறது.