பூக்கும் வரை நிலுவை

பதினொன்று இருந்தன,
ஈரச் செய்தித்தாளில் சுற்றி, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள்.
"நேர்சரியில் வளர்த்தது மிஸ், கலப்பினம்" என்றார் ரொட்றிகோ,
கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.
பூ ஒன்றும் இல்லை.
இலை மட்டும். வார்போல் தடித்து, நடுவே மடிந்து,
நுனியை எலி கடித்துவிட்டுப் பாதியில் ஓடினாற்போல்.
அந்தக் கடி மூன்று இனத்துக்கும் உண்டு.

சுங்கப் படிவத்தில் பெயருக்கு மூன்று கட்டம்.
சிங்களத்தைக் கேட்டு எழுதினேன்.
இலத்தீனில் டெசலாட்டா, பக்கத்தில் கேள்விக்குறி.
தமிழில் எல்லாமே மரவாழை:
அக்கா, தங்கை, ஒன்றுவிட்ட மச்சாள்,
ஒரே பெயருக்கு மூன்றுபேரும் திரும்பிப் பார்க்கிற வீடு.

துறைமுகம் பார்த்த நாலாம் மாடி யன்னல் கம்பியில்
தும்பு வைத்துக் கட்டினேன்.
கொள்கலன் லொறிப் புகை, உப்புக்காற்று.
ஐப்பசிக்குள் ஏழு போயிற்று. தை பிறக்க முன் மூன்று.
கோப்பின் மேல் எழுதியிருந்தேன்: பூக்கும் வரை நிலுவை.
தேநீர் கொண்டுவரும் லத்தீப் அதைப் படித்துவிட்டு
தன் இடமாற்றக் கடிதத்துக்கும் இதுதான் பதிலா என்றார்.

சித்திரை விடுமுறை முடிந்து கதவைத் திறக்க
மிஞ்சிய ஒன்றில் காம்பு. காம்பில் ஆறு மஞ்சள்.

அடிமட்டம் வைத்தேன். பதினெட்டு மில்லிமீற்றர்,
ஒரு ரூபாய்க் குற்றியை விடச் சிறிது.
டெசலாட்டா என்றால் ஏறக்குறைய இதன் மூன்று மடங்கு,
இதழெல்லாம் பழுப்புக் கட்டம், முதுகு வெள்ளை.
இதற்கு முதுகும் மஞ்சள்.
மச்சாளுக்கு உதட்டில் செங்கோடு ஓடும்.
இங்கே கோடில்லை.
உதடு நீலம்,
யாரோ பேனா மையை நாக்கில் தொட்டு வைத்ததுபோல.

பத்து மாதமாய் நின்ற என் எழுத்தைச்
சிவப்பால் வெட்டினேன்.
டெஸ்டேசியா. கேள்விக்குறி இல்லாமல்.

ஒரு பூவை ஸ்பிரிட் போத்தலில் இட்டு முத்திரை வைத்தேன்.
மறுவாரம் மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை.
வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி ஒன்று
அடியில் கிடந்தது.

புதுக்கடை நீதிமன்றில் சட்டத்தரணி
போத்தலை மின்விசிறிக்குக் கீழே தூக்கி ஆட்டினார்.
"இதிலே நீலம் எங்கே, அம்மா?"

"இருந்தது" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னபோது
கூட்டில் நின்ற ரொட்றிகோ
மெல்லத் தலையாட்டினார்,
தன்னையறியாமல்.