பன்னிரண்டு புள்ளி ஐந்து

மண்டபத்தில், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடியில்
என் மேசை.
சன்னலுக்கு வடக்கே ஒரு கடல்,
கழிவறைச் சாளரத்துக்குத் தெற்கே இன்னொன்று.
இரண்டும் ஒரே நாளில் சமர்த்தாய் இருந்து
நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை, கூலிச் சீட்டோடு ஏறி வந்தாள்
நண்டு உரிக்கும் சலேத்தம்மாள்.
"நூத்தி இருபத்தஞ்சு கிலோவாம் தம்பி, ஒத்தை நாள்ல.
தென்கடல் நண்டு மொத்தத்தையும்
நானே உரிச்சுப் போட்டேனாக்கும்?"
கீழே பெண்கள் சிரித்தது
மாடிவரை கேட்டது.

தராசு சொன்னது 12.5.
செவ்வாய் இரவு சர்வரைப் புதுப்பித்தவர்கள்
ஹாம்பர்க்கில் நண்டு வாங்குகிறவர்களின் ஆட்கள்.
அங்கே பின்னத்துக்குக் காற்புள்ளி,
ஆயிரத்துக்குத்தான் புள்ளி.
நான் எழுதியிருந்த வரியோ
போன இடத்து வழக்கம் கேட்டு நடக்கும் வரி.
மரியாதை தெரிந்த வரி என்று
பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.
அது புள்ளியை அலங்காரம் என்று நினைத்துத்
துடைத்துவிட்டது.

நம் எழுத்தில் புள்ளி வைத்தால் மெய்.
இந்த எண்ணில் புள்ளி போனால் பொய்.

"எல்லாத்தையும் ஒரே மாதிரி அடிச்சுப் போடுங்க" என்றார்
கணக்குப் பார்க்கும் கீழக்கரை சதக்கத்துல்லா.
"வருசம் முதல்ல, அப்புறம் மாசம், அப்புறம் நாள்.
கமாவே வேண்டாம்."
தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் நிறுத்தித்
தன் பெயரைப் பின்னால் எழுதும் ஊரில்
இது என்ன பெரிய விஷயம்.

நியாயம்தான்.
விசைப்படகின் ஜிபிஎஸ்ஸில் ஒன்பது புள்ளி இரண்டு எட்டு
எவன் பார்த்தாலும் அதே தண்ணீர்.
அந்தப் புள்ளியை வழக்கத்துக்கு விட்டால்
படகு எந்தக் கரையில் ஒதுங்கும்,
யார் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள் என்று
இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரவெல்லாம் உட்கார்ந்தேன்.
எந்த ஊர் என்று கேட்கும் சொல்லை
வரிவரியாகத் தேடிப் பிடுங்கினேன்.
நாற்பத்தொன்று இருந்தன.
தராசு சர்வரிடம் பேசினாலும்
சர்வர் வங்கியிடம் பேசினாலும்
இனி ஒரே உச்சரிப்பு.
அதே வேகத்தில் சீட்டையும் மாற்றினேன்.

மறுநாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
குழுக்கடன் பாக்கி 118750.00
அடுத்த தவணை 2025-04-05
"போன் நம்பரா இது?"
நண்டு முள் கிழித்த விரலால்
வலப்பக்கமிருந்து மூன்று, பிறகு இரண்டு என்று
அவளே காற்புள்ளி வைத்தாள்.
லட்சத்துப் பதினெட்டாயிரம்.
தேதியில் நின்றாள்.
"மே மாசம் நாலா? தடைக்காலத்துல
தவணைக்கு நான் எங்க போவேன்?"

எண்கள் எல்லாம் சரியாக இருந்தன.
அவளிடம்தான் வந்து சேரவில்லை.

காகிதத்துக்கு ஒரு விரல்கடை முன்னால்
ஒரே ஒரு வரி எழுதினேன்.
உள்ளே தேங்கிய வறட்டு எண்ணை
அங்கே மட்டும் அவள் பேச்சுக்குத் திருப்பும் வரி.
ஏப்ரல் 5, சனி. ரூ. 1,18,750.
"ரெண்டு வேலையா?" என்றார் சதக்கத்துல்லா.
ரெண்டுதான் பாய்.

இன்னொன்றும் பாக்கி.
நூற்று இருபத்தைந்து கிலோவின் கூலி
அன்றே அவள் கணக்கில் ஏறிவிட்டது.
அதைத் திரும்பப் பிடிக்கும் நிரலை
திங்கட்கிழமை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.
எந்தத் திங்கள் என்று
எந்த வடிவத்திலும் குறித்து வைக்கவில்லை.